செஞ்சியின் கதையைச் செஞ்சிப் பிள்ளைகள் சொல்லட்டும்

2025 ஜூலை 11 அன்று பாரிஸில் நடந்த யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் குழுவின் 47-வது கூட்டத்தில், 'மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்' என்ற தொகுப்பாக 12 கோட்டைகள் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருப்பவை. பன்னிரண்டாவது, விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சி.

செஞ்சியைப் பற்றி இணையத்தில் குவிந்துகிடக்கும் வீடியோக்களைப் பாருங்கள். பெரும்பாலானவை ஒரே அச்சு. ராஜகிரி மலையின் உச்சியை வானத்திலிருந்து ஒரு சுற்று, கல்யாண மகாலின் கூம்புக்குக் கீழே மெதுவாக நடந்துவரும் ஓர் இளைஞர், போர் முரசுபோல் ஒரு பின்னணி இசை, 'கிழக்கின் ட்ராய்' என்று பெரிய எழுத்தில் ஒரு தலைப்பு. ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதில் செஞ்சிக்காரர் ஒருவர் பேசிக் கேட்பது அபூர்வம்.

இந்த ஊர்ப் பிள்ளைகள் அந்த மலைகளைப் பார்த்துக்கொண்டேதான் பள்ளிக்கூடம் போகிறார்கள். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலை கோட்டையின் கிருஷ்ணகிரி, ராஜகிரி மலைகளுக்கு இடையில்தான் ஓடுகிறது. பஸ்ஸில் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் கோட்டை தெரியும். பலர் வீட்டில் ஒரு ஸ்மார்ட்போனாவது உண்டு. வீடியோ எடுக்கத் தெரியும், வெட்டி ஒட்டத் தெரியும், பாட்டு சேர்க்கத் தெரியும். எதைச் சொல்வது, எதை விடுவது, எதற்குப் பின் எதை வைப்பது என்பதை மட்டும் அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வரைகலையும் வீடியோவும் பள்ளியில் பாடமாக வர வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான். வேலைவாய்ப்பு வந்தால் நல்லது. அதற்கு முன்னால், தன் ஊரைத் தானே காட்டத் தெரிந்த ஒரு தலைமுறை வேண்டும்.

பேஜ்மேக்கர் என்ற பாடம்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் வடிவமைப்பு என்ற பேச்சே இல்லை என்று சொல்ல முடியாது. 2019-ல் வந்த 12-ம் வகுப்பு 'கணினிப் பயன்பாடுகள்' பாடநூலைத் திறந்தால் முதல் பாடமே பல்லூடகமும் டிடிபியும்தான். இரண்டாவது பாடம் அடோபி பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள்.

பேஜ்மேக்கரை 1985-ல் கொண்டுவந்தது ஆல்டஸ் நிறுவனம்; பிறகு அது அடோபி கைக்கு வந்தது. டிடிபி என்ற தொழில் பிறந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. நம் ஊர்களில் கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி என்று எத்தனையோ ஆண்டுகள் அதில்தான் தயாராயின. அதை வைத்துப் பிழைத்த குடும்பங்கள் ஏராளம், மரியாதைக்குரிய கருவிதான். ஆனால் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001-ல். 2004-ல் அடோபி அதை மேம்படுத்துவதையே நிறுத்திவிட்டது. 2019-ல் இந்தப் பாடநூலைக் கையில் வாங்கிய மாணவர்களில் பெரும்பாலோர் அந்தக் கடைசிப் பதிப்பு வந்தபோது பிறந்திருக்கவே இல்லை.

பழைய கருவியை வைத்தும் நல்ல பாடம் நடத்தலாம். நல்ல ஆசிரியருக்குக் கரும்பலகையும் சாக்பீசும் போதும். இங்கே சிக்கல் தமிழில் இருக்கிறது. பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. ஒரு மாணவி தன் செல்போனில் தட்டிய தமிழ்ப் பத்தியை அப்படியே அதில் கொண்டுபோய் ஒட்ட முடியாது. டிடிபி சென்டர்களில் பாமினி, வானவில், செந்தமிழ் என்று தனித்தனிக் குறியேற்றம் கொண்ட எழுத்துருக்களை வைத்துச் சமாளிப்பார்கள். ஒன்றில் அடித்தது இன்னொன்றில் கிறுக்கலாகத் தெரியும்.

'செஞ்சி' என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் எழுத்து 'செ'. யூனிகோடில் 'ச' முதலில் பதிவாகிறது, ஒற்றைக்கொம்பு அதற்குப் பின்னால் வருகிறது. திரையில் காட்டும்போது மென்பொருள்தான் கொம்பைத் தூக்கி முன்னால் வைக்க வேண்டும். அடுத்தது 'ஞ்', புள்ளி தலைமேல் சரியாக உட்கார வேண்டும். மூன்றாவது 'சி', மேல்விலங்கு எழுத்தோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். 'கோட்டை' என்று சேர்த்தால் இன்னும் கஷ்டம். இரட்டைக்கொம்பு இடப்பக்கம், கால் வலப்பக்கம் என்று ஒரே உயிர்க்குறி இரண்டாகப் பிரிந்து நிற்க வேண்டும். இந்த ஏற்பாடு இல்லாத மென்பொருளில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். கூடவே புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் முளைக்கும். போட்டோஷாப்பில்கூடத் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுத்து வைக்காவிட்டால் இதே கதிதான். அச்சாகி வந்த எத்தனையோ பேனர்களில் கொம்பு இடம் மாறி நிற்பதை நாம் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறோம்.

காசில்லாமல் கிடைக்கும் இங்க்ஸ்கேப், கிம்ப் என்ற வரைகலை மென்பொருள்களில் இந்தத் தொல்லை இல்லை. தமிழ் சரியாக வரும். எழுத்துருக்களுக்கும் பஞ்சமில்லை. நோட்டோ தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரான், அனெக் தமிழ், பாலூ தம்பி என்று உரிமம் வாங்கத் தேவையில்லாத நல்ல எழுத்துருக்கள் வரிசையாக இருக்கின்றன. இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே வாசகத்தை ஆறு விதமாக அடுக்கிப் பார்க்கச் சொல்வதே ஒரு முழு வகுப்பு. 'குடிநீர் இங்கே' என்ற பலகைக்குப் பாலூ தம்பியின் கொழுத்த எழுத்து பொருந்துமா, கோயில் தலவரலாற்றுக்கு எது பொருந்தும், இருபது அடி தள்ளி நிற்கும் பாட்டிக்கு எது படிக்கக் கிடைக்கும்? பிள்ளைகளுக்கு இதில் கட்டாயம் ஒரு கருத்து இருக்கும். அந்தக் கருத்துக்குக் காரணம் சொல்லச் சொல்வதுதான் பாடம்.

தேர்வுக்கோ இதெல்லாம் வேண்டாம். எந்த மெனுவில் எந்தக் கட்டளை, எந்த விசையை அழுத்தினால் என்ன ஆகும் என்று மனப்பாடம் செய்தால் மதிப்பெண் வந்துவிடும். ஒரு பக்கத்தைக்கூட வடிவமைக்காமல் வடிவமைப்புப் பாடத்தில் தேறிவிடலாம் என்ற நிலை பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

கேரளத்தைப் பாருங்கள்

எல்லைக்கு அந்தப் பக்கம் வேறு மாதிரி நடக்கிறது. கேரளம் 2001-லேயே ஐடி@ஸ்கூல் என்ற திட்டத்தைத் தொடங்கியது. பிறகு அது 'கைட்' என்ற அரசு நிறுவனமாக வளர்ந்தது. பத்தாம் வகுப்பு தகவல் தொழில்நுட்பப் பாடநூல் தொடங்கியதே வடிவமைப்பில்தான், அதுவும் இங்க்ஸ்கேப்பில். இந்தப் பாடத்துக்குச் செய்முறைத் தேர்வும் உண்டு. 2018 ஜனவரியில் 'லிட்டில் கைட்ஸ்' என்ற மாணவர் மன்றத்தைத் தொடங்கி, உயர்நிலைப் பள்ளிகளில் அனிமேஷன், மலையாளத் தட்டச்சு, கேமரா, வீடியோ எடிட்டிங் என்று பயிற்சி கொடுக்கிறார்கள். பள்ளி விழாவை அந்தப் பிள்ளைகளே படம் எடுக்கிறார்கள். பள்ளியின் டிஜிட்டல் இதழை அவர்களே வடிவமைக்கிறார்கள். எல்லாம் கட்டற்ற மென்பொருளில். ஆதலால் பள்ளியில் கற்றதை வீட்டுக் கணினியிலும் நண்பன் கணினியிலும் தயங்காமல் போட்டுக்கொள்ளலாம். திருட்டுப் பிரதி தேட வேண்டிய அவசியம் இல்லை.

நம்மிடம் கருவி இல்லையா? இருக்கிறது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைந்துள்ளன. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் போன கணினிகளில் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளம் இருந்தது. கிம்ப் ஓடக்கூடிய கணினி பல லட்சம் வீடுகளுக்குப் போயிற்று. அதில் என்ன செய்யலாம் என்று சொல்ல ஆள் போகவில்லை. கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டிலிருந்து ஓடுகிறது. ஆசிரியர்கள் எடுத்த வீடியோ பாடங்கள் அதில் நிறைய. மாணவர்கள் எடுத்த வீடியோ அதில் அன்றாடம் வருகிறதா என்று கேட்டுப் பாருங்கள். 2025-ல் பள்ளிக் கல்வித் துறை செயற்கை நுண்ணறிவையும் இணையக் கருவிகளையும் கற்பிக்க 'டிஎன் ஸ்பார்க்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்திருக்கிறது. வடிவமைப்பும் வீடியோவும் நுழைவதற்கு இது நல்ல வாசல்.

ஓவிய ஆசிரியர் எங்கே?

இந்தப் பாடத்தைக் கணினி ஆசிரியர் தலையில் மட்டும் கட்டுவது சரியில்லை. பக்கத்தில் எங்கே வெற்றிடம் விடுவது, எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் நிற்கும், கண் முதலில் எங்கே போகும் என்பதெல்லாம் ஓவிய ஆசிரியரின் சொத்து. நம் அரசுப் பள்ளிகளில் அவர்கள் நிலைமை என்ன? 2012-ல் ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல் போன்ற பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை அரசு எடுத்தது. அன்றைக்குத் தொகுப்பூதியம் மாதம் 5,000 ரூபாய். படிப்படியாக ஏறி 2024-ல் 12,500 ரூபாய்க்கு வந்தது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னையில் உட்கார்ந்து போராடாத ஆண்டு குறைவு. வாரத்தில் சில அரைநாள் வந்துபோகும் ஓவிய ஆசிரியரிடம் ஓர் ஊரின் பார்வையை வளர்த்துக் கொடு என்று எப்படிக் கேட்பது? புதிய மென்பொருள் வாங்குவதற்கு முன்னால் அரசு இதைத் தீர்க்க வேண்டும். அதிகச் செலவு பிடிக்கும் வேலைதான். ஆனாலும் முதல் வேலை.

தமிழாசிரியரும் சேர வேண்டும். ஒரு நிமிட வீடியோவுக்கு நூற்றிருபது சொல் வர்ணனை எழுதுவது கட்டுரைப் பயிற்சியைவிடக் கடினம். சமூக அறிவியல் ஆசிரியர் இல்லாமல் கோட்டை பக்கமே போக முடியாது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

பிள்ளைகளே தங்கள் ஊரைச் சொல்வதற்கு முன்மாதிரி பழையது. பிரான்ஸில் பார்-சுர்-லூ என்ற சிற்றூரில் செலஸ்தேன் ஃப்ரெனே என்ற ஆசிரியர் 1924-ல் வகுப்பறைக்குள் ஓர் அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்தார். பிள்ளைகள் தங்கள் ஊரைப் பற்றித் தாங்களே எழுதி, எழுத்துக் கோத்து, அச்சடித்து மற்றப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். அச்சாகப் போகிறது என்று தெரிந்தால் பிள்ளை தன் வாக்கியத்தைத் தானே திருத்திக்கொள்ளும் என்பதை அவர் கண்டார். அகமதாபாத்தில் 1984-ல் 'வீடியோ சேவா' என்ற பெண்கள் படக்குழு தொடங்கியபோது கேமரா பிடித்தவர்களில் எழுதப் படிக்கத் தெரியாத பெண்களும் இருந்தார்கள். தங்கள் பிழைப்பைத் தாங்களே படம் எடுத்தார்கள். நம் புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்னவீரமங்கலத்திலிருந்து கிளம்பிய 'வில்லேஜ் குக்கிங் சேனல்' 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ் யூடியூப் சேனல் ஆயிற்று. அவர்கள் வீடியோவை எடிட்டிங் பாடமாகவே வகுப்பில் போடலாம். மினுமினுப்பு கிடையாது. வயல், அடுப்பு, எண்ணெய் கொதிக்கும் சத்தம், அம்மியில் அரைபடும் சத்தம். ஒரு காட்சி முடிந்து அடுத்த காட்சி வருவதற்கான காரணம் ஒவ்வொரு வெட்டிலும் தெரியும்.

கோட்டையே வகுப்பறை

செஞ்சியில் இந்த வகுப்பை நடத்துகிற ஆசிரியருக்கு ஒரு வசதி: வெளியே வந்து நின்றால் போதும்.

ராஜகிரி ஊருக்கு மேற்கே இருக்கிறது. சுமார் 800 அடி உயரம். காலையில் பார்த்தால் வெயில் மலையின் முகத்தில் நேராக விழும். ஒவ்வொரு பாறைக்கும் விளிம்பு தெரியும், மதில் எந்த வளைவில் ஏறுகிறது என்று கண்ணால் தொடரலாம். அதே இடத்தில் சாயங்காலம் நின்றால் சூரியன் மலைக்குப் பின்னால் இருக்கும். மலை கறுத்த உருவம் மட்டும்தான். மதில் காணாமல் போய்விடும். ஒரே மலையை ஒரே போனில் காலையும் மாலையும் எடுத்து வரச் சொன்னால், ஃபில்டர் போடாமலே ஒளி என்ன செய்யும் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும். எதைக் காட்ட வேண்டுமோ அதற்கேற்ற நேரத்தில் போக வேண்டும் என்ற பழக்கமும் அங்கேயே தொடங்கிவிடும்.

அடுக்கும் விதத்துக்குப் பாடம் ஊருக்குப் பக்கத்திலேயே பாறையில் செதுக்கிக் கிடக்கிறது. திருநாதர் குன்றில் 24 தீர்த்தங்கரர்களை வரிசைக்குப் பன்னிரண்டாக இரண்டு வரிசையில் செதுக்கியிருக்கிறார்கள். உருவங்களுக்கு இடையில் விட்டிருக்கும் இடைவெளியைப் பாருங்கள். இன்றைக்கு வடிவமைப்புக் கல்லூரிகளில் 'கிரிட்' என்று முதல் பருவத்தில் சொல்லித்தருவது அந்தப் பாறையில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருக்கிறது. அதே குன்றில்தான் சந்திரநந்தி என்ற சமண முனிவர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் துறந்ததைச் சொல்லும் பழைய கல்வெட்டும் உள்ளது. பனமலை தாளகிரீசுவரர் கோயிலில் பல்லவர் கால ஓவியம் மிச்சமிருக்கிறது. தேவியின் உடல் வளைந்து நிற்கும் அந்த ரேகையைக் காகிதத்தில் பென்சிலால் தொடர்ந்து பார்த்த பிள்ளைக்கு, கணினியில் வளைகோடு இழுக்கும் பேனாக் கருவி பிடிபடும். கீழ்வாலையில் செங்காவிப் பாறை ஓவியங்கள். மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன் குடைந்த குகைக்கோயில். எல்லாம் இந்த மாவட்டத்துக்குள். ஒரு நாள் சுற்றுலாவில் பல நூற்றாண்டுக் கலையைத் தொட்டுவிட்டு வரலாம். இவை இருக்கும்போது நம் பிள்ளைகள் எவனோ செய்த டெம்ப்ளேட்டில் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

வீடியோவுக்குக் கோட்டையைவிட நல்ல தொடக்கம் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை. தீபாவளி, ரம்ஜானுக்கு முந்தைய வாரங்களில் அங்கே கால் வைக்க இடம் இருக்காது. எல்லாமே அசைகிறது, எல்லாமே சத்தம் போடுகிறது. ஒரு குழுவுக்கு மூன்று பேர். ஒருவர் போன் பிடிக்கட்டும், ஒருவர் இயர்போன் மைக்கைப் பேசுபவர் சட்டைக் காலரில் செருகிவிடட்டும், ஒருவர் நோட்டில் குறிக்கட்டும். காற்று மைக்கில் மோதினால் மேலே ஒரு கைக்குட்டையைச் சுற்றினால் போதும். போனைப் படுக்கை வசமாகப் பிடித்து, ஒவ்வொரு ஷாட்டையும் மனசுக்குள் பத்து எண்ணும் வரை அசைக்காமல் எடுக்க வேண்டும். சந்தை முழுதும் தெரியும் ஒரு லாங் ஷாட், வியாபாரியும் வாங்குபவரும் நிற்கும் ஒரு மிட் ஷாட், ஆட்டின் பல்லைப் பார்க்கும் விரலுக்கு ஒரு க்ளோசப். வயதைப் பல்லில்தான் கண்டுபிடிப்பார்கள். அந்த விரலைக் காட்டிவிட்டால் வர்ணனையில் பாதி மிச்சம்.

எடுத்துக்கொண்டு வந்த பிறகுதான் உண்மையான வகுப்பு. ஆய்வகத்தில் இருக்கும் கணினிகள் எல்லோருக்கும் போதாது. பரவாயில்லை. ஒவ்வொரு ஷாட்டையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தரையில் பரப்பச் சொல்லுங்கள். எந்தச் சீட்டில் தொடங்குவது என்று சண்டை வரும். வர வேண்டும். நாற்பது நிமிடக் காட்சியைத் தொண்ணூறு வினாடி ஆக்கும்போது, தனக்கு மிகவும் பிடித்த ஷாட்டைத் தூக்கிப் போட வேண்டி வரும். கதைக்கு அது வேண்டாம் என்று ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை தானே முடிவு செய்து அந்தச் சீட்டைக் கிழித்தால், எடிட்டிங் வந்துவிட்டது. கணினியில் செய்வது அதற்குப் பின்னால் ஒரு மணி நேர வேலை. கேடென்லைவ், ஷாட்கட் என்ற எடிட்டிங் மென்பொருள்கள் இரண்டில் எதுவானாலும் சரி.

யாருடைய கோட்டை?

இப்போது சமூக அறிவியல் ஆசிரியர். யுனெஸ்கோ பட்டியலில் மராட்டியக் கோட்டை என்று பெயர். தவறில்லை. 1677-ல் சிவாஜி பிடித்தார். அவர் மகன் ராஜாராம் இங்கே வந்து இருந்தபோது முகலாயப் படை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டது. மராட்டிய அரசு உயிர் பிழைத்ததில் செஞ்சியின் பங்கு பெரியது. ஆனால் கோட்டைக்குத் தொடக்கம் போட்டவர்களாகச் சொல்லப்படுபவர்கள் கோன் மரபினர். விரித்துக் கட்டியவர்கள் நாயக்கர்கள். 1597-ல் வந்த பிமெண்டா என்ற யேசு சபைப் பாதிரியார் நாயக்கர் காலத்துச் செஞ்சியின் பெருமையை எழுதி வைத்திருக்கிறார். பிறகு பீஜப்பூர் சுல்தான்கள், மராட்டியர், முகலாயர், ஆற்காடு நவாப், 1750-ல் பிரெஞ்சுக்காரர், 1761-ல் ஆங்கிலேயர். வேங்கடரமணர் கோயிலும் சாதத்துல்லா கான் பள்ளிவாசலும் ஒரே கோட்டைக்குள் நிற்கின்றன. ஊர் மனதில் இருப்பதோ 1714-ல் நவாபுப் படையோடு மோதி மாண்ட தேசிங்கு ராஜன். அவன் குதிரை, அவன் முஸ்லிம் நண்பன் என்று நாட்டுப்பாடல் அவனைத் தூக்கி வைத்தது, 1960-ல் எம்.ஜி.ஆர். நடித்துப் படமும் வந்தது.

இத்தனையையும் ஒரு வீடியோவில் அடைக்க முடியாது. ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். எடுக்கும்போது மற்றவற்றைப் பொய்யாக்காமல் எடுக்க வேண்டும். 1943-ல் சி.எஸ். சீனிவாசாச்சாரி செஞ்சி வரலாற்றை ஆங்கிலத்தில் முழு நூலாக எழுதினார். அதிலிருந்து இரண்டு பக்கத்தை ஆசிரியர் தமிழில் சொல்லி, பாட்டி சொன்ன தேசிங்கு கதையோடு வைத்துப் பார்க்கச் சொன்னால், ஆவணம் எது, பாட்டு எது, இரண்டுக்கும் என்ன மதிப்பு என்று பிள்ளைகளே பேசுவார்கள். செயற்கை நுண்ணறிவிடம் 'செஞ்சிக் கோட்டையில் போர்' என்று ஒரு படம் கேட்டால் நொடியில் தரும். அதில் எந்த நாட்டுக் கோபுரமோ, எந்தக் காலத்துக் கவசமோ இருக்கும்; தமிழ் எழுத்து கோணிக்கொண்டு நிற்கும். அதைத் திரையில் போட்டு, என்னென்ன தப்பு என்று எண்ணச் சொல்லலாம். தினமும் அந்த மதிலைப் பார்க்கும் பிள்ளைதான் முதலில் கண்டுபிடிக்கும்.

ஒழுங்குகளையும் கூடவே சொல்லித்தர வேண்டும். தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள கோட்டையில் ட்ரோன் பறக்கவிடவும் ட்ரைபாட் வைத்துப் படம் எடுக்கவும் அனுமதி தேவை. சந்தையில் ஒருவர் முகத்தை எடுக்கும்முன் கேட்க வேண்டும். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே உள்ள எல்லோரும் குழந்தைகளே. ஆகவே மாணவர் முகமும் குரலும் வெளியே போவதற்கு முன் பெற்றோர் சம்மதம் வேண்டும். பெண் பிள்ளைகள் விஷயத்தில் பள்ளிகள் பயந்து கேமராவே வேண்டாம் என்கின்றன. முகம் காட்டாமலே ஆயிரம் படம் எடுக்கலாம்; கேமராவுக்குப் பின்னால் நிற்பவர் முகம் யாருக்கும் தெரியப்போவதில்லை. சினிமாப் பாட்டை எடுத்துப் போடாமல் சந்தைச் சத்தத்தையே இசையாக்கப் பழக்கலாம். பேனர் வடிவமைப்புப் பாடத்தில் 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் சாலையில் சரிந்த பேனரால் உயிர் போன சுபஸ்ரீயைப் பற்றி ஒரு வகுப்பு கட்டாயம் பேச வேண்டும். நாம் வடிவமைத்தது எங்கே கட்டப்படுகிறது என்பதும் வடிவமைப்பவர் கவலைதான்.

தூண்களைத் தேடி

ஒரே ஒரு திட்டம் செய்ய நேரம் இருக்கிறது என்று ஓர் ஆசிரியர் கேட்டால், நான் இதைச் சொல்வேன். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி உயரமான கற்றூண்கள் நிற்கின்றன. அவை செஞ்சித் தூண்கள். பிரெஞ்சுக்காரர்கள் செஞ்சியிலிருந்து கொண்டுபோனவை. வேங்கடரமணர் கோயிலைச் சேர்ந்தவை என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. தினமும் எத்தனையோ பேர் அவற்றின் முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். எந்த ஊரிலிருந்து வந்தவை என்று நினைப்பவர் எத்தனை பேர்?

செஞ்சிப் பிள்ளைகள் கோயிலில் எஞ்சியிருக்கும் தூண் ஒன்றின் செதுக்கலை வரைந்துகொள்ளட்டும். சுமார் 70 கிலோமீட்டர் பஸ்ஸில் போய், கடற்கரைத் தூணில் அதே பூவேலை இருக்கிறதா என்று ஒப்பிடட்டும். அங்கே நடைப்பயிற்சிக்கு வரும் பெரியவர்களிடம் மைக்கை நீட்டிக் கேட்கட்டும். திரும்பி வந்து தூண்கள் போன வழியை ஒரு வரைபடமாக இங்க்ஸ்கேப்பில் செய்யட்டும். வரைகலை, வரலாறு, வர்ணனை, எடிட்டிங் எல்லாம் அந்த ஒரே வேலையில் வந்துவிடும். ஐந்து நிமிடப் படம், ஒரு மடிப்புத் தாள். இத்தனைக்கும் தேவை பஸ் செலவு, கூடப்போக இரண்டு ஆசிரியர்கள், சார்ஜ் ஏற்றிய ஒரு போன்.

முடிந்ததும் படத்தை எங்கே போடுவது? பள்ளி ஆண்டு விழாவில் போடலாம், கல்வித் தொலைக்காட்சிக்கு அனுப்பலாம். செஞ்சியில் தொல்லியல் துறை வைத்திருக்கும் அருங்காட்சியகத்தில் ஒரு திரை வைத்து அதை ஓட்டலாம். உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய பிறகு கோட்டைக்கு வெளிநாட்டுக்காரர்களும் வடநாட்டுக்காரர்களும் வருவார்கள், அவர்களுக்காகப் புதிய பலகைகளும் கையேடுகளும் தயாராகும். அவற்றின் தமிழ் வடிவத்தைப் பார்வையிட்டுத் திருத்தும் வேலையில் உள்ளூர்ப் பள்ளிகளையும் சேர்க்க மாவட்ட நிர்வாகம் தொல்லியல் துறைக்கு ஒரு கடிதம் எழுதலாம். இந்தக் கல்வியாண்டிலேயே எழுதலாம்.